திருடனுக்குத் திறக்கக் கூடாது, உங்களுக்குத் திறக்க வேண்டும்: லேப்டாப்போடு முதல்முறை வெளிநாடு போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் ஒரு ரயிலில் என் முதுகுப்பை போனது. பெரிய பெட்டியை மேல் தட்டில் தூக்கி வைத்த நேரம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் இருக்கையில் பை இல்லை, ரயில் கதவும் மூடிவிட்டது. பைக்குள் லேப்டாப், சார்ஜர், அதோடு இந்திய சிம் போட்டிருந்த போன்.

லேப்டாப் போனதை இரண்டு நாளில் மறந்துவிட்டேன். அதன் டிஸ்க் முழுவதும் என்க்ரிப்ட் செய்திருந்ததால் (அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்ததால்), எடுத்தவர் கையில் என் தகவல் எதுவும் சிக்காது. என்னை வாட்டியது வேறு. மெயிலைத் திறக்கப் போனால் ஓடிபி அந்த இந்திய எண்ணுக்குப் போகிறது. வங்கிக்கும் அதே எண். மாற்று சிம் வாங்க வேண்டுமென்றால் நான் நேரில் ஊருக்குப் போய் நிற்க வேண்டும். வீட்டில் கிடந்த ஒரு பழைய டேப்லெட்டில் என் மெயில் லாகின் ஆகியே இருந்தது. அண்ணன் அதைத் திறந்து, நான் நண்பனின் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கணக்காக மீட்டுக் கொடுத்தார். அந்த டேப்லெட்டை யாராவது எடைக்குப் போட்டிருந்தால் என் கதி என்ன என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் திருடனைத்தான் நினைக்கிறோம். பாதி வேலை அதுதான், சரி. எல்லாம் தொலைந்த பிறகும் உங்கள் கணக்குகளுக்குள் நீங்கள் நுழைய முடிய வேண்டும் என்பது மறு பாதி. மேற்படிப்புக்கோ ஆன்சைட் வேலைக்கோ முதல்முறை கிளம்புகிறவர்கள் அந்த மறு பாதியை விட்டுவிடுகிறார்கள். கீழே சொல்லும் வேலைகளைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். கடைசி இரவு பெட்டி எடை பார்க்கவே நேரம் போதாது.

முதல் வேலை: டிஸ்க்கைப் பூட்டுங்கள்

லேப்டாப்பைத் திறந்ததும் கேட்கிற பாஸ்வேர்டு வாசல் கதவுக்கு மட்டும்தான். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், என்க்ரிப்ட் செய்யாத ஃபைல்கள் பாஸ்வேர்டு கேட்காமலே திறக்கும். பாஸ்போர்ட் ஸ்கேன், ஆதார், மார்க்‌ஷீட், விசாவுக்காக வாங்கிய அப்பாவின் வங்கி ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம் என்று ஒரு குடும்பத்தின் மொத்த ஆவணமும் அதில் இருக்கும்.

விண்டோஸ் 11 ஹோம் என்றால் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குள் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்று இருக்கும். புரோ பதிப்பு என்றால் ஸ்டார்ட் மெனுவில் பிட்லாக்கர் என்று தேடுங்கள். மேக்கில் இதற்குப் பெயர் ஃபைல்வால்ட். சில ஹோம் லேப்டாப்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற வரியே இருக்காது. அதற்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முழு டிஸ்க்கையும் அதில் பூட்டலாம், பயமாக இருந்தால் ஆவணங்களுக்கு மட்டும் ஒரு பூட்டிய பெட்டகம் செய்துகொள்ளலாம்.

இப்போது மறு பாதி. பிட்லாக்கர் சில நேரம் தன் சொந்தக்காரரையே சந்தேகப்படும். பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனாலோ, சர்வீஸில் மதர்போர்டு மாற்றினாலோ, நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் உங்கள் டிஸ்க் உங்களுக்கே திறக்காது. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு எது, அதன் பாஸ்வேர்டு என்ன என்பது பலருக்கு நினைவில்லை. கடைக்காரர் லேப்டாப்பைத் தொடங்கிக் கொடுத்தபோது அவரே ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டிருப்பார். இன்றைக்கே பார்த்து, அந்த 48 இலக்கத்தையும் காகிதத்தில் அச்செடுங்கள். ஒரு நகல் வீட்டில் அம்மாவிடம். இன்னொன்று உங்களோடு, ஆனால் லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில்.

இன்னொரு பழக்கம். பயணத்தின்போது லேப்டாப்பின் மூடியை மட்டும் மூடி வைக்காதீர்கள், ஷட் டவுன் செய்யுங்கள். தூங்கும் நிலையில் இருக்கும் லேப்டாப்பில் டிஸ்க்கைத் திறக்கிற சாவி மெமரியில் இருந்துகொண்டே இருக்கும். மெமரி சிப்பைக் குளிரவைத்து அந்தச் சாவியைப் படித்துவிட முடியும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இலேயே செய்து காட்டினார்கள். ரயில்நிலையத் திருடன் அவ்வளவு தூரம் போக மாட்டான். ஆனால் ஷட் டவுன் செய்ய உங்களுக்கு ஆகிற செலவு பத்து விநாடி.

ஓடிபி எந்த போனுக்கு வரும்?

ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நம் ஊரில் வங்கி, ஆதார், மெயில், வருமான வரி எல்லாமே ஒற்றை மொபைல் எண்ணில் தொங்குகின்றன. ஊரில் இருக்கும்வரை அது வசதி. போன் தொலைந்தால் ஆதாரோடு கடைக்குப் போய் மாற்று சிம் வாங்கிவிடலாம். வெளிநாட்டில் அந்த வழி இல்லை.

முதலில் இந்திய எண்ணுக்கு சர்வதேச ரோமிங்கைக் கிளம்புவதற்கு முன்பே இயக்கிவிடுங்கள். அங்கே இறங்கிய பிறகு இயக்குவது பெரும்பாடு. ரோமிங்கில் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். எஸ்எம்எஸ் வந்தால் போதும். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ப்ரீபெய்டு சிம் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், பணமும் இல்லாமல் கிடந்தால் சிம் நிறுவனம் இணைப்பைத் துண்டித்து, பிறகு அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் வங்கி ஓடிபி யாரோ ஒருவருக்குப் போகும்.

இரண்டாவது, சிம்முக்கு பின் நம்பர் போடுங்கள். போனுக்கு எவ்வளவு பலமான பூட்டு போட்டிருந்தாலும், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். சிம் பின் இருந்தால் வராது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ அல்லது ‘சிம் பின்’ என்று தேடினால் கிடைக்கும். இதில் ஒரு எச்சரிக்கை: முதலில் அது, சிம் நிறுவனமே போட்டு வைத்திருக்கும் பழைய பின்னைக் கேட்கும். குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். மூன்று முறை தப்பானால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு அதைத் திறக்க, சிம் நிறுவனம் தரும் 8 இலக்க பியுகே எண் வேண்டும். உங்கள் சிம் நிறுவனத்தின் பழைய பின் என்ன என்று விசாரித்துவிட்டு, ஊரில் இருக்கும்போதே மாற்றுங்கள்.

மூன்றாவது, மெயிலை எஸ்எம்எஸ்ஸிலிருந்து விடுவியுங்கள். மெயில்தான் தாய்ச் சாவி. அது கையில் இருந்தால் மற்றவற்றில் பெரும்பாலானதை மீட்கலாம். அதற்கு, எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே ஓடிபி உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், ஓடிபிக்குப் பதிலாகப் போட 10 பேக்கப் கோடுகள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். காகிதமா என்று கேட்பீர்கள். ஆமாம், காகிதம்தான். கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2023 முதல் தன் கோடுகளைக் கூகுள் கணக்கிலேயே சேமிக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் அந்தக் கணக்கே திறக்காதபோது அது உதவாது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது போல ஆகிவிடும். ஆனால் அந்தக் காகிதத்தில் மெயில் ஐடியை எழுதாதீர்கள். கண்டெடுத்தவருக்கு அது எந்தக் கணக்கின் எண் என்று தெரியக் கூடாது.

நான்காவது, இந்திய சிம்மையும் லேப்டாப்பையும் ஒரே பையில் வைக்காதீர்கள். நான் செய்த தவறு அதுதான். இப்போது ஒரு பழைய சின்ன போனில் இந்திய சிம்மைப் போட்டு அறையிலேயே வைத்திருக்கிறேன். வெளியே எடுத்துப் போகும் போனில் உள்ளூர் சிம். சிலர் இந்திய சிம்மை வீட்டிலேயே விட்டுவிட்டு, தேவைப்படும்போது அம்மாவிடம் ஓடிபி கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேரம் வேறு, அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். அதைவிட, போனில் ஓடிபி கேட்டால் சொல்லிவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்களைப் பழக்குவது பெரிய ஆபத்து. நாளைக்கு வேறு யாராவது உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்.

வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், பூட்டு போட்ட ஒரு பழைய போனிலோ டேப்லெட்டிலோ உங்கள் மெயிலை லாகின் செய்து விட்டுப் போங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு, வைஃபையில் இணைக்கச் சொல்லுங்கள்.

எதை விட்டுவிட்டுப் போவது

இது சின்ன வேலை. இல்லாத ஃபைலை யாரும் திருட முடியாது, அதனால் பழைய ஆவணங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வீட்டில் வைத்துவிட்டு லேப்டாப்பிலிருந்து அழியுங்கள். தேவையானவற்றுக்கு ஒரு பேக்கப் கிளவுடில், இன்னொன்று உங்களோடு வருகிற, அதுவும் பூட்டிய, பென் டிரைவில். முந்தைய கம்பெனியின் ஃபைல்கள் ஏதாவது மிச்சம் இருந்தால் உடனே நீக்குங்கள். நண்பர்கள் ஏற்றிக் கொடுத்த படங்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் ஆபாசப் படம் வைத்திருப்பதே குற்றம். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று அங்கே சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணை போட்டோ எடுங்கள். வாங்கிய பில்லையும் சேர்த்து மெயிலில் வையுங்கள். போலீஸ், இன்சூரன்ஸ் இரண்டுமே இதைத்தான் கேட்கும்.

விமான நிலையத்தில்

லேப்டாப் எப்போதும் கைப்பையில்தான். பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, கைப்பையிலும் 100 வாட்-மணி வரைதான் கேள்வி இல்லாமல் விடுவார்கள். கடையில் விற்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி, அதனால் பிரச்சினை இல்லை.

பலர் மாட்டிக்கொள்வது விமானத்தின் வாசலில். மேல் தட்டு நிறைந்துவிட்டது, உங்கள் பையைக் கீழே அனுப்புகிறோம் என்பார்கள். பின்னால் வரிசை நிற்கும், பதற்றத்தில் அப்படியே கொடுத்துவிடுவீர்கள். அதற்காகவே லேப்டாப், பவர் பேங்க், ஆவணம் மூன்றையும் ஒரு சின்னத் துணிப்பையில் தனியாகப் போட்டுக் கைப்பைக்குள் வையுங்கள். கேட்டால் துணிப்பையை உருவிக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம்.

பாதுகாப்புச் சோதனையில் ட்ரேயில் லேப்டாப்பைக் கடைசியாக வையுங்கள். முன்னால் இருப்பவர் உள்ளே போகும்வரை பெல்ட்டில் தள்ளாதீர்கள். நீங்கள் இந்தப் பக்கம் நிற்க, லேப்டாப் அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கக் கூடாது.

எல்லையில் அதிகாரி கேட்டால்

இது நடப்பது அபூர்வம். அமெரிக்காவுக்குள் வருகிறவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் அளவில்தான் போனையோ லேப்டாப்பையோ சோதிக்கிறார்கள். ஆனால் சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. குடிமகன் அல்லாதவர் திறந்து காட்ட மறுத்தால் அமெரிக்க அதிகாரி நாட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்பலாம். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி பாஸ்வேர்டு தர மறுப்பதே குற்றம். நியூசிலாந்தில் 5,000 டாலர் வரை அபராதம் போடலாம்.

அமெரிக்க சுங்கத்துறை 2018-இல் வெளியிட்ட விதிப்படி, கருவியில் இருக்கும் தகவலைத்தான் அவர்கள் பார்க்கலாம், கிளவுடில் இருப்பதை இழுத்துப் பார்க்கக் கூடாது. அதனால் இறங்குவதற்கு முன் தேவையில்லாத கணக்குகளிலிருந்து லாக் அவுட் செய்து, ஏரோபிளேன் மோடில் வையுங்கள். கேட்டால் பொய் சொல்லாதீர்கள், வாக்குவாதம் வேண்டாம். பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுப்பதைவிட நீங்களே தட்டித் திறந்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். எப்படியும் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். கம்பெனி லேப்டாப் என்றால், இப்படிக் கேட்டால் என்ன செய்வது என்று அலுவலகத்தில் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் தகவல் இல்லை, முடிவும் உங்களுடையது இல்லை.

வைஃபை, சார்ஜிங், விபிஎன்

பொது வைஃபையில் இணைந்தாலே எல்லாம் போய்விடும் என்ற பயம் பழையது. இன்று பெரும்பாலான தளங்களும் ஆப்களும் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. இன்றைய ஆபத்து, நீங்களே உங்கள் கையால் பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுப்பது. 2024-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் மீது போலீஸ் வழக்குப் போட்டது. பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானங்களுக்குள்ளும் உண்மையான வைஃபை போலவே தோன்றும் போலி வைஃபை வைத்து, இணைகிறவர்களிடம் மெயில் அல்லது சமூக வலைதளக் கணக்கால் உள்ளே வரச் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. ஆகவே விதி ஒன்றுதான்: வைஃபைக்காக எந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுக்காதீர்கள். அப்படிக் கேட்டால் மூடிவிட்டு, போனின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துங்கள்.

ஹோட்டல் வைஃபையில் இணைந்ததும் ‘அப்டேட் செய்யுங்கள்’ என்று ஒரு பெட்டி வந்தால் தொடாதீர்கள். டார்க்ஹோட்டல் என்ற பெயரில் காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2014-இல் வெளிப்படுத்திய கும்பல், ஆசியாவின் ஹோட்டல்களில் தங்கிய நிறுவன அதிகாரிகளை இப்படிப் போலி அப்டேட் காட்டித்தான் பிடித்தது. எல்லா அப்டேட்டையும் வீட்டு வைஃபையிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நம் ஊர் பிளக் பிரிட்டன், சிங்கப்பூர், துபாய் சாக்கெட்டுகளில் நேராகப் போகாது, அமெரிக்காவில் வேறு வடிவம். அடாப்டர் பெரிய பெட்டிக்குள் இருந்தால் விமான நிலையத்தின் யுஎஸ்பி துளையில் போனைச் செருகத்தான் தோன்றும். யுஎஸ்பி வழியாகவும் தகவல் போகும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அடாப்டரைக் கைப்பையில் வையுங்கள், சொந்த சார்ஜரைச் சுவரில் செருகுங்கள்.

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பி அனுப்பும் ஆப். இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம். உங்கள் மொத்தப் போக்குவரத்தையும் முகம் தெரியாத ஒருவர் வழியாக அனுப்புகிறீர்கள். துபாய்க்கோ அபுதாபிக்கோ போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வாட்ஸ்அப் அழைப்பு போகாது, உடனே யாராவது விபிஎன் போடச் சொல்வார்கள். விபிஎன்னால் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) மறைத்துக் குற்றம் செய்தால் அந்நாட்டு 2021-ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டப்படி அபராதமே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. வீட்டோடு பேச அங்கே அனுமதி பெற்ற ஆப்கள் இருக்கின்றன, அவற்றை ஊரிலேயே அப்பா போனிலும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வாடகை வீடும் பாஸ்போர்ட் நகலும்

புதிதாகப் போகிறவர்களின் தகவல் அதிகம் கசிவது அவர்களே அனுப்பும் பாஸ்போர்ட் நகலில் என்பது என் எண்ணம். மாணவர் நகரங்களில் அறை கிடைப்பது கஷ்டம். ஊரில் இருந்துகொண்டே தேடுகிறீர்கள். அழகான அறையின் படம், குறைந்த வாடகை. வீட்டுக்காரர் தான் வெளியூரில் இருப்பதாகச் சொல்லி, நம்பிக்கைக்காகத் தன் பாஸ்போர்ட் நகலை முதலில் அனுப்புகிறார்; உங்களுடையதையும் முன்பணத்தையும் கேட்கிறார். அவர் அனுப்பியது, இதற்கு முன் ஏமாந்த ஒரு மாணவருடைய பாஸ்போர்ட்டாக இருக்கலாம். அடுத்தவருக்குப் போகப்போவது உங்களுடையது.

நேரிலோ, அங்கே படிக்கும் சீனியர் மூலமாகவோ அறையைப் பார்க்காமல் நகல் அனுப்பாதீர்கள், பணமும் அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டிய இடத்தில், நகலின் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். ‘இன்ன முகவரி வாடகைக்கு மட்டும்’ என்று முகத்தின் மேலும் எண்களின் மேலும் ஓடுகிற மாதிரி எழுதினால் அதை வேறு இடத்தில் காட்டுவது கடினம். தேவையில்லாத எண்களை மறையுங்கள். நெதர்லாந்து அரசு இதற்கென்றே கோப்பிஐடி என்று ஓர் ஆப்பை வைத்திருக்கிறது.

அச்செடுக்கும் கடையின் கம்ப்யூட்டரில் மெயிலையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறக்காதீர்கள். பென் டிரைவில் அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துப் போங்கள். திறந்துவிட்டீர்களா, சரி, அறைக்கு வந்ததும் போனின் வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியில் போய் அதை வெளியேற்றுங்கள்.

போய்விட்டால், இந்த வரிசையில்

திருடனைத் துரத்தாதீர்கள். தொலைந்த கருவியைத் தேடித் தரும் வசதி (ஃபைண்ட் மை டிவைஸ் போன்றது) வரைபடத்தில் இடம் காட்டினாலும் தனியாகப் போகாதீர்கள். அந்தத் திரையைப் போலீஸிடம் காட்டுங்கள். அந்த வசதியைக் கிளம்பும் முன்பே இயக்கியிருந்தால்தான் வேலை செய்யும்.

முதலில் நண்பரின் போனை வாங்குங்கள். பேக்கப் கோடு எழுதிய காகிதத்தை எடுத்து மெயிலுக்குள் போய், தொலைந்த லேப்டாப்பையும் போனையும் கணக்கிலிருந்து வெளியேற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். முடிந்ததும் நண்பரின் போனிலிருந்து நீங்களும் வெளியேறுங்கள். அடுத்து வங்கி: கார்டை முடக்க வேண்டிய வெளிநாட்டு அழைப்பு எண்ணும் அதே காகிதத்தில் இருக்கட்டும், ஏனென்றால் 1800 எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது. கம்பெனி லேப்டாப் என்றால் அன்றைக்கே மேலாளரிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறுநாள் வரை தள்ளிப்போட்டால், அந்த ஒரு நாள்தான் பெரிய சிக்கலாகும்.

அதன் பிறகு போலீஸ் நிலையம். சீரியல் எண்ணும் பில்லும் காட்டி, எழுத்துப்பூர்வமான புகார் நகல் வாங்குங்கள். பல பயண இன்சூரன்ஸ்கள் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்கின்றன. பாஸ்போர்ட்டும் போயிருந்தால் இந்தியத் தூதரகத்துக்கு அந்த நகலோடுதான் போக வேண்டும். இந்திய சிம் போயிருந்தால் அதை முடக்கச் சொல்லுங்கள், அதற்கு நேரில் வர வேண்டியதில்லை. எண் கையில் இல்லாத நாட்களில் வங்கிக் கணக்கை நெட் பேங்கிங் வழியாகத் தொட முடியாமல் போகலாம். அதனால்தான் இரண்டு வங்கி கார்டுகளை, வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே இயக்கி, இரண்டு வேறு இடங்களில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்: ஒன்று பர்ஸில், மற்றொன்று அறையில், அந்தக் காகிதத்தோடு.